பழைய கூண்டு வண்டிக்கு மறுவாழ்வு: சக்கரத்திலிருந்து தொடங்குங்கள்

கடையநல்லூரிலிருந்து வடக்கே சொக்கம்பட்டி, புளியங்குடி, வாசுதேவநல்லூர் என்று மலையடிவாரத்து ஊர் எதற்குள் நுழைந்தாலும், எங்காவது ஒரு தொழுவத்துக்குப் பின்னால் பழைய கூண்டு வண்டி ஒன்று கிடக்கும். ஏர்க்கால் மண்ணில் ஊன்றியிருக்கும். கூண்டு மூங்கில் கறுத்துப்போயிருக்கும். உள்ளே கோழி அடையும். விறகு விலைக்குக் கேட்டு ஆள் வந்தால், வீட்டுக்காரரும் "கிடந்து என்ன செய்யப் போகுது, எடுத்துட்டுப் போங்க" என்று கொடுத்துவிடுவார்.

கொடுக்காதீர்கள் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. பழம்பெருமைக்காகச் சொல்லவில்லை. இயற்கை விவசாயம் செய்கிறவனுக்கு அந்த வண்டி இன்றைக்கும் வரவு தரக்கூடிய சொத்து. அதை எப்படிப் பார்த்து வாங்குவது, எந்த வரிசையில் சரிசெய்வது, எதைப் புதிதாக்குவது, எதைத் தொடாமல் விடுவது என்று நான் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

நான் 1982-இல் வங்கிப் பணியில் சேர்ந்து 2018-இல் ஓய்வு பெற்றவன். இப்போது கடையநல்லூருக்கு மேற்கே, கருப்பாநதி அணைக்குப் போகிற பக்கம், நான்கு ஏக்கரில் நெல்லும் உளுந்தும் கொஞ்சம் எலுமிச்சையும் வைத்திருக்கிறேன். ஒரு சோடி காளை, இரண்டு நாட்டுப் பசு உண்டு.

கடன் ஏட்டில் ஏறாத வரவு

1980-களில் ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டம் என்று ஒன்று இருந்தது. ஐ.ஆர்.டி.பி. என்றால் பழைய ஆட்களுக்குத் தெரியும். 1980 அக்டோபர் 2 முதல் நாட்டின் எல்லா ஒன்றியங்களுக்கும் விரிவாக்கப்பட்டு, 1999 வரை நடந்தது. அதில் வண்டி மாட்டுக் கடன் கேட்டு வந்தவர்கள் நிறையப் பேர். நாங்கள் போடுகிற கணக்கு எளிது. வண்டி வாடகை நாளுக்கு இவ்வளவு, மாதத்தில் இத்தனை நாள் ஓடும், தீவனச் செலவு போக மிச்சம் இவ்வளவு, தவணை கட்ட முடியுமா முடியாதா. அவ்வளவுதான்.

அந்தக் கணக்கில் சாணம் ஒரு வரியாகக்கூட வராது. கோமியம் வராது. இன்று நமக்கு அமுதக்கரைசலுக்கும் பஞ்சகவ்யாவுக்கும் அதுதானே மூலப்பொருள்? ஒரு மாடு நாளுக்குச் சுமார் 10 கிலோ சாணம் போடும் என்று வைத்தால், ஒரு சோடி காளையில் வருடத்துக்கு 7 டன்னுக்கு மேல் வருகிறது. அதை வெளியில் விலை கொடுத்து வாங்கிப் பாருங்கள், தெரியும்.

ஆனால் சாணத்துக்காக மட்டும் யாரும் காளை வளர்ப்பதில்லை. பசு என்றால் பால் தரும். காளைக்கு உழவும் வண்டியும்தான் வேலை. உழவை டிராக்டர் எடுத்துக்கொண்டது. வண்டியும் நின்றுபோனால், தீவனம் போடுகிற வீட்டுப் பெண்கள் கேட்கிற கேள்வி நியாயமானதுதான்: "இது எதுக்கு நிக்குது?" அப்புறம் ஒரு நாள் லாரி வரும். நம் ஊர் வழியாகப் போகிற திருமங்கலம் – கொல்லம் நெடுஞ்சாலையில் செங்கோட்டை, புளியரை தாண்டிக் கேரளாவுக்குப் போகிற மாட்டு லாரிகளை நாம் பார்க்காமல் இல்லை. வண்டியை விறகுக்கு விற்றவர் வீட்டில் காளை அதிக நாள் நிற்பதில்லை.

அதனால் வண்டியை ஓட வைப்பது காளையைத் தொழுவத்தில் நிறுத்துகிற வழி. காளை நின்றால் எரு நிற்கும்.

கனடாக்காரர்கள் செய்கிற வேலை

பழைய வண்டியைப் புதுப்பிப்பது நம் ஊரில் மட்டும் உள்ள பைத்தியம் இல்லை. கனடாவின் வின்னிபெக் நகரத்தில் 1968-இல் ரே ஒலெக்கோ என்பவர், காருக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போய்க் காட்டிலும் ஏரிக்கரையிலும் தங்குகிற சின்னக் கூண்டு வண்டி ஒன்றை ஃபைபர் கிளாஸில் செய்தார். பெயர் போலர். வட்டத் தொப்பி மாதிரி இருப்பதால் வந்த பெயர். அதற்கு முன் அவர் செய்தது என்ன தெரியுமா? கழிவுநீர்த் தொட்டி. லேசான ஃபைபர் தொட்டி செய்த கையோடுதான் இந்த யோசனை வந்தது.

13 அடி நீளம். மேல் பாதி ஒரு ஓடு, கீழ்ப் பாதி ஒரு ஓடு, நடுவில் சேர்த்துத் தைத்த மாதிரி இணைப்பு. மொத்த எடை ஆயிரம் பவுண்டுக்கும் குறைவு என்பதால் சின்னக் காரே இழுத்துவிடும். ஐம்பது வருடம் கழித்து இன்றும் அந்த வண்டிகளை அங்கே தேடி வாங்கிச் சரிசெய்து ஓட்டுகிறார்கள்.

நமக்கு இதில் பாடம் ஒன்று உண்டு. அந்த வண்டியில் ஃபைபர் கூடு துருப்பிடிக்காது, உளுக்காது. கழுவித் துடைத்தால் புதிதுபோல மின்னும். பார்க்கிறவர் கூட்டைப் பார்த்து ஏமாந்துவிடுவார். பழுதாவது கீழே இருக்கிற இரும்புச் சட்டம். முன்பக்கம் சட்டம் வளைகிற இடத்தில் விரிசல் விடும். அச்சுக்குள் அதிர்வு தாங்குகிற ரப்பர் காய்ந்து செத்துப்போகும். தரைப் பலகை தண்ணீர் இறங்கி உள்ளுக்குள் மக்கியிருக்கும். அதனால் அங்கே விவரம் தெரிந்தவர்கள் கூட்டைப் பார்ப்பதற்கு முன்னால் குனிந்து அடியில் பார்க்கிறார்கள்.

நம் ஊர்த் தச்சாசாரி ஒருவர், எழுபதைத் தாண்டியவர், போலர் வண்டியைக் கண்ணால் கண்டவரில்லை. நான் கூண்டு மூங்கிலைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றபோது அவர் சொன்னதும் இதேதான்: "சார், கூண்டைப் பிறகு பாத்துக்கிடலாம். அது ஒரு நாள் வேலை. மொதல்ல சக்கரத்தை ஆட்டிப் பாருங்க."

எந்த வரிசையில் பார்ப்பது

வாங்கப் போகிறவர்கள் கீழிருந்து மேலே இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் சக்கரம். குடம், ஆரக்கால், வட்டை, மேலே இரும்புப் பட்டா. சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிச் சுற்றிவிட்டு, ஒவ்வொரு ஆரக்காலையும் சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். இறுக்கமாக இருந்தால் கணீர் என்று கேட்கும். தளர்ந்திருந்தால் சத்தம் செத்துப்போயிருக்கும். குடத்தில் நீளவாக்கில் வெடிப்பு இருந்தால் அந்தச் சக்கரம் உதவாது. பட்டா மட்டும் தளர்ந்திருந்தால் பரவாயில்லை, அதைக் கழற்றிச் சுருக்கிப் போடலாம். வட்டமாக எரு மூட்டிப் பட்டாவைப் பழுக்கக் காய்ச்சி, வட்டையின் மேல் இறக்கி, உடனே தண்ணீர் ஊற்றினால் இரும்பு சுருங்கி மரத்தைக் கவ்விக்கொள்ளும். பசை, ஆணி எதுவும் வேண்டாம். இந்த வேலை தெரிந்த கொல்லர்கள் இன்னும் சில ஊர்களில் இருக்கிறார்கள்.

இரண்டாவது அச்சு. கடையாணி போடுகிற இடம் தேய்ந்திருக்கிறதா, அச்சு வளைந்திருக்கிறதா என்று நூல் பிடித்துப் பாருங்கள்.

மூன்றாவது தெப்பக்கட்டை. அச்சுக்கும் வண்டித் தட்டுக்கும் நடுவில் பாரத்தைச் சுமக்கிற கனமான கட்டை. வெளியே நன்றாகத் தெரியும், உள்ளே கரையான் மண் வைத்திருக்கும். ஒரு திருப்புளியால் குத்திப் பாருங்கள். இறங்கினால் மாற்ற வேண்டியதுதான்.

நான்காவது ஏர்க்கால். மண்ணில் ஊன்றியிருந்த நுனி மக்கியிருக்கும். ஒரு அடி வெட்டிவிட்டு இரும்புப் பூண் போட்டுச் சமாளிக்கலாம் என்பார்கள். நீளம் குறைந்தால் காளையின் பின்னங்கால் வண்டியில் இடிக்கும். அளந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஐந்தாவது நுகத்தடி. கடைசியாகத்தான் கூண்டு.

மரம் மாற்றுவதாக இருந்தால் நம் முன்னோர் வைத்த ஒழுங்கை மாற்ற வேண்டாம். சக்கரத்துக்கும் தெப்பக்கட்டைக்கும் நாட்டுக் கருவேலம். (சீமைக் கருவேலத்தைச் சொல்லவில்லை.) நுகத்துக்கு மஞ்சணத்தி, அதாவது நுணா. லேசாகவும் இருக்கும், கழுத்தையும் அறுக்காது. மரத்துக்குப் பூச, கடற்கரையில் வள்ளங்களுக்குப் பூசுகிற முந்திரிக்கொட்டை எண்ணெய் நல்லது. பூச்சி அண்டாது. ஆனால் தோலில் பட்டால் கொப்புளம் போடும். கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

டயர் போடலாமா?

இதுதான் எல்லோரும் கேட்கிற கேள்வி. பழையதை அப்படியே வைத்துக்கொள்வதா, டயர் போடுவதா?

பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகத்தின் முதல் இயக்குநராக இருந்த பேராசிரியர் என்.எஸ். ராமசாமி, 1970-களிலேயே இதைத் தன் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டார். பெரிய கம்பெனிகளுக்கு நிர்வாகம் சொல்லித்தர வேண்டியவர் மாட்டு வண்டியைப் பற்றிப் பேசுகிறாரே என்று சிரித்தவர்கள் உண்டு. பிறகு கார்ட்மேன் என்ற அமைப்பையும் தொடங்கினார். நம் பழைய வண்டியில் அவர் காட்டிய குறைகள்: சக்கரம் கனம், அச்சில் உராய்வு அதிகம், பாரம் சமமாக உட்காராததால் கழுத்தில் சுமை, நுகம் திமிலிலும் கழுத்திலும் புண் உண்டாக்குவது, பிரேக் இல்லாதது. ஒவ்வொன்றும் மாட்டின் உடம்பில் போய் முடிகிற குறை என்பதைக் கவனியுங்கள்.

சட்டமும் இதை ஒத்துக்கொள்கிறது. இழுவை விலங்குகளுக்கும் பொதி விலங்குகளுக்கும் கொடுமை நேராமல் தடுக்கும் விதிகள் 1965-இல் வந்தன. அதில் இரு சக்கர வண்டிக்குச் சுமை வரம்பு இருக்கிறது. 200 கிலோவுக்கு மிகாத சின்னக் காளை என்றால், டயர் இல்லாத வண்டிக்கு 500 கிலோ. காற்றடைத்த டயர் இருந்தால் 750 கிலோ. பால் பேரிங் இருந்தால் 1,000 கிலோ. 200 முதல் 350 கிலோ வரை எடையுள்ள நடுத்தரக் காளைக்கு இது 700, 1,050, 1,400. அதே மாடு, அதே ரோடு. சக்கரமும் பேரிங்கும் மாறினால் சட்டமே இரண்டு மடங்கு சுமையை அனுமதிக்கிறது. இரண்டு மடங்கு ஏற்றுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பழைய சுமையையே ஏற்றினால் மாட்டுக்கு எவ்வளவு சுகம் என்று யோசியுங்கள்.

அதே விதிகளில் இன்னும் இரண்டு விஷயம் நாம் மனதில் வைக்க வேண்டியது: ஒரு நாளைக்கு மொத்தம் 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. வெயில் 37 டிகிரி தாண்டுகிற இடத்தில் பகல் 12 முதல் 3 வரை பூட்டவே கூடாது. நம் பக்கம் சித்திரை, வைகாசியில் இது அப்படியே பொருந்தும்.

ஆக, தார் ரோட்டிலும் வண்டிப் பாதையிலும் ஓடுகிற வண்டிக்கு டயரும் பேரிங்கும் போடுவதே சரி. ஆனால் மூன்று எச்சரிக்கை.

ஒன்று, லாரி அச்சை வெட்டிப் போடாதீர்கள். மலிவாகக் கிடைக்கும். ஆனால் கனம். உராய்வில் மிச்சம் பிடித்ததை எடையில் தொலைப்பீர்கள். மாட்டு வண்டிக்கென்றே வருகிற அச்சும் 8.00-19 டயரும் செகண்ட் ஹேண்டில் கிடைக்கும். அதைத் தேடுங்கள்.

இரண்டு, உயரம். மரச் சக்கரம் பெரிது, டயர்ச் சக்கரம் சின்னது. அப்படியே மாற்றினால் வண்டித் தட்டு இறங்கி, ஏர்க்கால் மேல்நோக்கி நிற்கும். பாரம் பின்னால் சரியும். மாட்டைப் பூட்டிய நிலையில் தட்டு சமமாக நிற்கிற மாதிரி தெப்பக்கட்டையின் உயரத்தைக் கூட்ட வேண்டும். டயர் மாற்றிய பல வண்டிகளில் இதைக் கவனிக்காமல் விட்டிருக்கிறார்கள்.

மூன்று, பிரேக். மரச் சக்கரம் தானாகவே இழுத்துப் பிடிக்கும். பேரிங் வண்டி இறக்கத்தில் மாட்டைத் தள்ளிக்கொண்டு போகும். தாங்குவது யார்? காளையின் கழுத்துதான். டயர் போட்டால் பிரேக்கும் போட்டே ஆக வேண்டும். இரண்டையும் ஒரே செலவாக எண்ணிக்கொள்ளுங்கள்.

சேற்று வயலுக்குள் மட்டும் போகிற வண்டி, முள் நிறைந்த காட்டுப் பாதையில் போகிற வண்டி என்றால் மரச் சக்கரத்தையே வைத்துக்கொள்வதில் தவறில்லை. பெரிய சக்கரம் குழியை எளிதில் தாண்டும். பஞ்சர் கிடையாது. பட்டா மெல்லியது என்பதால் ஈர மண்ணில் அறுத்துக்கொண்டு இறங்கும், அது ஒன்றுதான் குறை. அச்சுக்கு வைக்கோல் கரியும் விளக்கெண்ணெயும் குழைத்த வண்டி மை போதும்.

கழுத்துச் சுமைக்கு ஒரு கணக்கு

வங்கிக்காரன் புத்தி, எதையும் எண்ணால் பார்த்தால்தான் எனக்குத் திருப்தி. இரண்டு சக்கர வண்டி ஒரு தராசு மாதிரி. அச்சு நடு முள். அச்சிலிருந்து நுகம் வரை 10 அடி என்று வையுங்கள். அச்சுக்கு 1 அடி முன்னால் 100 கிலோ வைத்தால் நுகத்தில் விழுவது 10 கிலோ. 60 கிலோ ஆள் 3 அடி முன்னால் உட்கார்ந்து ஓட்டினால் நுகத்தில் 18 கிலோ. இரண்டு மாட்டுக்கும் பிரிந்தாலும் அது சுமைதான். அதே ஆள் அச்சுக்கு மேலேயே உட்கார்ந்தால் நுகத்தில் ஒன்றும் விழாது.

அதற்காகப் பாரத்தைப் பின்னால் தள்ளிவிடவும் கூடாது. நுகம் மேலே தூக்கிக்கொள்ளும். பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். பின்பாரம் முன்பாரத்தைவிடக் கொடுமை. கொஞ்சம், கொஞ்சமே கொஞ்சம் முன்பாரம் இருக்க வேண்டும். பாரம் ஏற்றியபின் மாட்டை அவிழ்த்துவிட்டு நுகத்தை ஒரு கையால் தூக்கிப் பாருங்கள். சிரமமில்லாமல் தூக்க முடிந்தால் சரி. தூக்கவே தேவையில்லாமல் தானாக எழும்பினால் பாரத்தை முன்னால் நகர்த்துங்கள்.

வண்டியில் நீங்கள் சேர்க்கிற ஒவ்வொரு பொருளுக்கும், பெட்டியோ தண்ணீர்க் கேனோ பேட்டரியோ, இந்தச் சோதனை உண்டு. அழகுக்கென்று எதையாவது சேர்க்கத் தோன்றினால் நுகத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கூண்டும் ஃபைபர் கூரையும்

என் வண்டியை நான் வெறும் பார வண்டியாக விடவில்லை. ராத்திரி காவலுக்குப் படுக்கிற நகரும் குடிலாக்கினேன். மலையடிவாரத்தில் நிலம் வைத்திருக்கிறவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. காட்டுப் பன்றி ஒரு ராத்திரியில் ஒரு வயலைப் புரட்டிப் போட்டுவிடும். அதற்காகத் திருட்டு மின்வேலி போட்டு, பக்கத்து வயல்காரர் செத்துப்போன செய்தியெல்லாம் நாம் படித்திருக்கிறோம். ஆள் இருக்கிறான் என்று காட்டுவதுதான் பாவம் இல்லாத வழி.

மூங்கில் வளைவுகளில் நல்லதை வைத்துக்கொண்டு, உளுத்ததை மாற்றி, புது மூங்கில் பாய் கட்டினோம். மேலே தகரம் வேண்டாம் என்பது என் முடிவு. பகலில் சுடும், மழையில் காது செவிடாகும், நாலு வருடத்தில் துரு. பழைய இரும்புக் கடையில் ஒரு வேனின் ஃபைபர் மேற்கூரை கிடந்தது. இரண்டு ஆள் தூக்கிவிடலாம். வளைவு கிட்டத்தட்ட நம் கூண்டின் வளைவு. ஒரு ஓரத்தில் நீளமாக விரிசல்.

ஃபைபர் என்பது கண்ணாடி இழையும் ரெசினும். இயற்கை விவசாயிக்கு அது உறுத்தலான பொருள்தான், மக்காது. அதனால் புதிதாக வாங்கச் சொல்ல மாட்டேன். ஏற்கெனவே செய்து குப்பைக்குப் போகிற ஒன்றை இன்னும் இருபது வருடம் வேலை வாங்குவது வேறு கதை.

விரிசலைச் சரிசெய்வது கடினமில்லை. தூத்துக்குடி, கன்னியாகுமரி கடற்கரையில் ஃபைபர் வள்ளங்களுக்குத் தினமும் செய்கிற வேலைதான். விரிசலின் இரண்டு முனையிலும் சின்ன ஓட்டை போட்டால் அதற்கு மேல் ஓடாது. இரண்டு பக்கமும் நான்கு விரல் அகலத்துக்குத் தேய்த்துச் சொரசொரப்பாக்குங்கள். தூசி போகத் துடைத்து, ஈரமே இல்லாமல் காயவிடுங்கள். ஃபைபர் மேட்டை வெட்டி வைத்து, ரெசினில் 1 முதல் 2 சதவீதம் ஹார்டனர் கலந்து, பிரஷ்ஷால் தட்டித் தட்டி ஊற வையுங்கள். காற்றுக் குமிழி நிற்கக் கூடாது. உள்பக்கம் இரண்டு அடுக்கு, வெளிப்பக்கம் ஒரு அடுக்கு. கலந்தது சீக்கிரம் இறுகிவிடும், கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள்.

இதில் விளையாடக் கூடாத இடம் மூன்று. தேய்க்கும்போது முகமூடி, கண்ணாடி, முழுக்கைச் சட்டை வேண்டும். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. வேலை திறந்த வெளியில், மாட்டுத் தொட்டிக்கும் கிணற்றுக்கும் தள்ளி நடக்கட்டும். ஆக்சிலரேட்டரையும் ஹார்டனரையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது, வெடித்துத் தீப்பிடிக்கும். ஆக்சிலரேட்டர் ஏற்கெனவே கலந்த ரெசினாகக் கேட்டு வாங்குவது நல்லது.

ஒட்டியபின் வெள்ளைப் பெயிண்ட் அடித்தாக வேண்டும். வெறுமனே விட்டால் வெயிலில் ரெசின் பொடிந்து இழை வெளியே தெரியும். கூரைக்கும் மூங்கில் பாய்க்கும் நடுவில் நான்கு விரல் இடைவெளி விட்டிருக்கிறேன். காற்று ஓடுவதால் உள்ளே சூடு இறங்குவதில்லை. மேல் ஓடு மழைக்கு, உள் பாய் வெயிலுக்கு.

செலவுக் கணக்கு

பழைய வண்டி 6,000 ரூபாய். செகண்ட் ஹேண்ட் அச்சு, பேரிங், டயர் 14,000. மரமும் ஆசாரி கூலியும் 9,500. ஃபைபர் கூரை 2,500. ரெசின், மேட், பெயிண்ட் 2,800. பிரேக், சின்ன சோலார் விளக்கு, ஒளிரும் ஸ்டிக்கர் எல்லாம் சேர்த்து 3,200. மொத்தம் 38,000 ரூபாய்.

இந்த ஒளிரும் ஸ்டிக்கரை அலட்சியமாக நினைக்காதீர்கள். பின்பக்கம் சிவப்பு, முன்பக்கம் வெள்ளை, சக்கரப் பக்கவாட்டில் மஞ்சள். நம் நெடுஞ்சாலையில் ராத்திரி லாரி வருகிற வேகத்தில், விளக்கில்லாத மாட்டு வண்டி டிரைவர் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. முடிந்தவரை இருட்டியபின் மெயின் ரோட்டில் ஏறாமல் இருப்பது இன்னும் நல்லது.

"இவ்வளவு எதுக்கு, ஒரு பழைய டிராக்டர் டிரெய்லர்ல கூரை போட்டாப் போச்சே?" என்று பக்கத்து நிலத்துக்காரர் கேட்டார். போடலாம். ஆனால் அதை நகர்த்த ஒவ்வொரு தடவையும் டிராக்டரைக் கூப்பிட வேண்டும். கூப்பிடச் சோம்பல்பட்டு ஒரே இடத்தில் நின்றுவிடும். நம் வண்டியை நகர்த்துகிற காளை, வண்டி பக்கத்திலேயே நிற்கிறது. அதிலிருந்துதான் எனக்குக் கிடைத்த பெரிய லாபம்.

வண்டி நகர்ந்தால் கிடையும் நகரும்

அறுவடை முடிந்த தரிசில் கீதாரிகளை வைத்து ஆட்டுக்கிடை போடுவது நமக்குப் பழக்கம். கோனார்கள் பட்டியை இரவுக்கு இரவு மாற்றுவார்கள். அதையே சின்ன அளவில் இந்த வண்டியை வைத்துச் செய்கிறேன். ராத்திரி காவலுக்கு வண்டியை நிறுத்துகிற இடத்தில், இரண்டு காளையையும் இரண்டு பசுவையும் சுற்றிக் கட்டுகிறோம். நாளைக்குப் பத்தடி தள்ளி. சாணமும் கோமியமும் நேராக மண்ணில் விழுகிறது. அள்ளுகிற கூலி இல்லை, வண்டியில் ஏற்றி இறக்குகிற வேலை இல்லை. தொழுவத்துத் தரையில் வீணாகிற கோமியம் முழுவதும் நிலத்துக்கு. பயிர் நிற்கிற காலத்தில் வரப்போரத் தரிசிலும் எலுமிச்சைக்கு நடுவிலும் கட்டலாம். மரத்தை மாடு எட்டாத அளவுக்குக் கயிறு விட்டுக் கட்டுங்கள்.

காவலும் நடக்கிறது, எருவும் சேர்கிறது. வண்டிக்குத் தட்டு உயரம் இருப்பதால் பாம்பு, தேள் பயமும் குறைவு.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இது பன்றிக்கான காவல், யானைக்கு இல்லை. வடகரை, மேக்கரை, சொக்கம்பட்டிப் பக்கம் யானை இறங்குவது நமக்குப் புதிதில்லை. யானை நடமாட்டம் என்று வனத்துறை சொன்ன நாட்களில் வண்டியையும் மாட்டையும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். தென்னை போனால் திரும்ப வைக்கலாம்.

ஆசாரி இருக்கும்போதே

மரம் கிடைக்கும், டயர் கிடைக்கும், ஃபைபர் கூரைகூட எங்காவது கிடைக்கும். குறைந்துகொண்டு வருவது வேலை தெரிந்த கை. என் வண்டிக்கு வேலை செய்த ஆசாரியின் மகன் மாடுலர் கிச்சன் வேலைக்குப் போகிறார். வட்டை சேர்க்கிற கணக்கை அவர் கற்றுக்கொள்ளவில்லை, அவரைக் குறை சொல்வதற்கும் இல்லை. வருடத்துக்கு ஒரு வண்டி வேலை வந்தால் யார்தான் கற்றுக்கொள்வார்கள்?

நம் இயக்கத்து நண்பர்களிடம் ஒரு யோசனை. ஒரு ஒன்றியத்தில் நான்கைந்து பேர் சேர்ந்து, கிடக்கிற வண்டிகளை ஒரே நேரத்தில் வேலைக்குக் கொடுங்கள். ஆசாரிக்கும் கொல்லருக்கும் இரண்டு மாதத்துக்குத் தொடர்ந்து வேலை கிடைக்கும். ஒரு இளைஞரைக் கூட நிறுத்திக் கற்றுக்கொள்ளச் சொல்லலாம். அச்சும் டயரும் மொத்தமாக வாங்கினால் விலையும் படியும். கார் சாகுபடிக்குத் தண்ணீர் விடுவதற்கு முன்னால் சித்திரை, வைகாசியில் செய்தால் மரமும் நன்றாகக் காய்ந்திருக்கும், ஆட்களுக்கும் ஓய்வு இருக்கும்.

அதுவரைக்கும் வீட்டில் கிடக்கிற வண்டியின் ஏர்க்காலை மண்ணிலிருந்து எடுத்து ஒரு கல்லின் மேல் வையுங்கள். சக்கரத்துக்கு அடியில் பலகை கொடுங்கள். மேலே ஒரு தார்ப்பாய் போடுங்கள். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை, கரையான் ஒரு வருடம் தள்ளிப்போகும்.